பூ மார்க்கெட் பொழப்பும் என் பிரஷரும்

எந்த டாக்டர்கிட்ட போனாலும் மருந்து சீட்டக் கிழிச்சு கையில குடுக்குறப்ப கடைசியா ஒண்ணு சொல்லுவாங்க, "டென்ஷன் ஆகாதீங்க". மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்கவன்கிட்ட இதச் சொன்னா அவன் என்ன பண்ணுவான், கடையவா பூட்டுவான்? மல்லிய மொட்டாவே பறிச்சுக் கொண்டாந்து அது விரியிறதுக்குள்ள வித்தாகணும், பனி காலத்துல வரத்து இல்லாம கிலோ 2,000, 3,000ன்னு ஏறி நிக்கும், முகூர்த்தமும் சேந்துக்கிட்டா கேக்கவே வேணாம், அதே பூ வெயில் காலத்துல வந்து குமியிறப்ப 300-க்குக் கேக்க ஆள் இருக்காது, மிஞ்சுனத சென்ட் கம்பெனிக்குத் தள்ளணும். வெவசாயி "என்னண்ணே இம்புட்டுக் கொறச்சுப் போட்டீக"ம்பாரு, பூக்காரம்மா "என்னண்ணே இம்புட்டு வெல சொல்றீக"ம்பாங்க, ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான். 2013-ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு கெடச்சப்ப எங்களுக்கெல்லாம் பெருமையாத்தான் இருந்துச்சு, ஆனா வெள்ளன நாலு மணிக்கு ரேட்டு ஏறி எறங்குறது அதுக்கெல்லாம் கட்டுப்படாதுல்ல.

அதனால டென்ஷன விரட்டுறது எப்படின்னு நான் எழுத வரல. அது இருக்கத்தான் செய்யும். நான் பாத்த வரைக்கும் டென்ஷன் தனியா வந்து ஆளச் சாய்க்கிறதில்ல, கூட நாலு பேத்தக் கூட்டிட்டு வரும். தூக்கத்தக் கெடுக்கும், சாப்பாட்டத் தள்ளிப்போட வைக்கும், டீ மேல டீ குடிக்க வைக்கும், சிகரெட்டப் பத்த வைக்கும், ராத்திரி குவாட்டர் வாங்க வைக்கும், போட வேண்டிய மாத்திரைய மறக்கடிக்கும். இந்தக் கூட வர்றவங்கள வாசல்லயே நிறுத்துறதுதான் நம்ம கையில இருக்குற வேலை. இத எங்க டாக்டரம்மாகிட்ட சொன்னப்ப "பாதிக்கு மேல சரி"ன்னாங்க, மீதிப் பாதி என்னன்னு நான் கேட்டுக்கல.

எங்கப்பா பத்தி சொல்லிர்றேன். கடை அவரு வச்சதுதான். பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தவரு ஒரு தை மாச சீசன்ல "தலைவலியும் இல்ல கிறுகிறுப்பும் இல்ல, எதுக்கு மாத்திரை"ன்னு நிறுத்திட்டாரு. பிரஷர் பெரும்பாலும் ஒண்ணுமே காட்டாது, அதான் அதுல உள்ள சிக்கலே. ஒருநா காலைல பல்லு வெளக்கி வாய் கொப்புளிக்கைல தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது, துண்ட வச்சு தொடைக்கிறாரு, திரும்ப ஒழுகுது. அவருக்கே தெரியல. பேச்சு குழற ஆரம்பிச்சப்பதான் எல்லாரும் பதறுனாங்க, அதுக்குள்ள பக்கத்து வீட்ல "சூடு புடிச்சிருக்கும், கொஞ்ச நேரம் படுக்கட்டும்"னு ஒரு வைத்தியம். வாய் கோணுறது, ஒரு பக்கம் கை தூக்க முடியாம போறது, பேச்சு குழறுறது, இதெல்லாம் பக்கவாதத்தோட அறிகுறி, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே 108. ஸ்கேன் எடுத்துப் பாத்து மூளை ரத்தக்கொழாயில ரத்தம் ஒறஞ்சு அடைச்சிருக்குன்னா அதக் கரைக்கிற ஊசி இருக்கு, ஆனா பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அப்பா பொழச்சுக்கிட்டாரு, வலது கைதான் இன்னைக்கும் சொன்னபடி கேக்காது. அப்ப அவருக்கு வயசு 59.

எனக்கு தெரிய வந்தது இன்சூரன்ஸ் எடுக்கப் போன எடத்துல. 158/96. அந்த ஏஜென்ட் தம்பி "நேத்து முகூர்த்தம்ணே, அதான், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா நார்மலாயிரும்"னு தைரியம் சொன்னாப்ல. கே.கே.நகர்ல நாங்க பாக்குற டாக்டரம்மா அதக் கேட்டு சிரிச்சுட்டு, ஒரு தடவை பாத்தத வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லைன்னும் சொல்ல முடியாது, வீட்ல பாத்து எழுதிட்டு வாங்கன்னாங்க.

இதக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நெறைய பேர் மெஷின் வாங்கி வச்சுக்கிட்டு தப்பா பாக்குறாங்க. மாடிப்படி ஏறி வந்த மூச்சோட கட்டுறது, போன் பேசிக்கிட்டே கட்டுறது, சட்டைக் கை மேலயே கட்டுறது. பாக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீ, காப்பி, சிகரெட்டு கூடாது, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துரணும், முதுகு சாயிற மாதிரி சேர்ல உக்காந்து கால் ரெண்டையும் தரையில ஊனி (கால் மேல கால் போடக்கூடாது) அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும், கைய டேபிள் மேல நெஞ்சு ஒசரத்துக்கு வச்சு வெறுங்கையில கட்டணும், பேசக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. காலைல மாத்திரைக்கு முன்னாடி, ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி. இப்படி ஒரு வாரம் எழுதி, மொத நாள் கணக்க விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி போடணும். ஆஸ்பத்திரியில 140/90ன்னா பிரஷர்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், வீட்ல பாக்குறப்ப 135/85-ஏ ஜாஸ்திதான், இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

நோட்ட வச்சுப் பாத்தா ஒரு கூத்து. முகூர்த்த நாள்ல 152, 155. சரி, எதிர்பாத்ததுதான். முகூர்த்தமே இல்லாம மார்க்கெட் ஈயாடுன நாள்லயும் 148, 150. அப்ப ரேட்டு டென்ஷன் மட்டும் காரணமில்ல. டாக்டரம்மா சொன்னது என்னன்னா, பதட்டம் வர்றப்ப அட்ரினலின் சொரந்து ரத்தக்கொழாய் இறுகும், இதயம் வேகமா அடிக்கும், கார்ட்டிசால்னு ஒண்ணு ஈரல்ல இருந்து சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும், ஓடுறதுக்கோ சண்ட போடுறதுக்கோ உடம்பு ரெடியாகுது, அது தப்பில்ல, வேலை முடிஞ்சதும் எறங்கிரணும். நம்ம ஓடவும் மாட்டோம் சண்டையும் போடமாட்டோம், கல்லாவுல உக்காந்து மனசுக்குள்ளயே வஞ்சுக்கிட்டு இருப்போம். ராத்திரி நல்லா தூங்குனா பிரஷர் பகல்ல இருக்குறத விட பத்துல இருந்து இருபது சதவீதம் எறங்கும், அந்த எறக்கம்தான் கொழாய்க்கெல்லாம் ஓய்வு. தூங்காதவனுக்கு அந்த ஓய்வே கெடையாது. "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு"ன்னு கேட்டாங்க பாருங்க, எங்க வீட்ல பக்கத்துல இருந்தவ "கல்யாணம் ஆனதுல இருந்து பாக்குறேன் டாக்டர், இவரு தூங்கி"ன்னா.

மாத்திரை ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, போட்டுக்கிட்டு இருக்கேன். இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மார்க்கெட்ல நம்ம ஆளுக நெனப்பு என்னன்னா, டென்ஷன்ல ஏறுன பிரஷர் டென்ஷன் எறங்குனா எறங்கிரும், அதுக்கு எதுக்கு மாத்திரை, ஒரு தடவை போட்டா சாகுற வரைக்கும் போடணும். யோகா பண்ணுங்க, நடங்க, எல்லாம் நல்லதுதான், அதனால மாத்திரை கொறையவும் செய்யலாம், ஆனா கொறைக்கிறதும் நிறுத்துறதும் டாக்டர் வேலை. நானா நிறுத்துனா என்னாகும்னு எங்க வீட்லயே ஒருத்தர் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. காசு ஒரு பிரச்சினைன்னா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர், சுகர் மாத்திரை இலவசம், 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்குறாங்க, மேலூர் பக்கம் எங்க அத்தைக்கு அப்படித்தான் வருது.

தலைவலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுற வலி மாத்திரையும் ஒரு விஷயம். எங்க கடைக்காரங்க பாதிப்பேரு பையில அது ஒரு அட்டை இருக்கும். அந்த ரகத்துல நெறைய பிரஷர ஏத்திவிடும், கிட்னிக்கும் ஆகாது. தூக்கமில்லாததால வர்ற தலைவலிக்கு வலி மாத்திரை போட்டு, அது பிரஷர ஏத்தி, என்னத்தச் சொல்ல.

சரி, தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறவன் எப்படித் தூங்குவான்? பத்தரைக்குப் படுத்து ரெண்டுக்கு எந்திரிச்சு மத்தியானம் சாப்ட்டுட்டு கண்ண மூடுறதுதான் எங்க வழக்கம், கூட்டுனா அஞ்சு மணி நேரம் வராது. பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும்ங்கிறாங்க. ஒரே மூச்சுல அது எனக்கு நடக்காது, அதனால ரெண்டாப் பிரிச்சுக்கிட்டேன். ராத்திரி எட்டரைக்குப் படுக்கை, ரெண்டுக்கு முழிப்பு, மத்தியானம் ஒண்ணரை மணி நேரம். மத்தியானத் தூக்கத்துல இருபது நிமிஷத்துல எந்திரிச்சிரணும், இல்ல ஒண்ணரை மணி நேரம் முழுசா தூங்கிரணும், நடுவுல முக்கா மணி நேரத்துல யாராச்சும் எழுப்புனா பொழுதுக்கும் தல பாரமா சடவா இருக்கும். கடை லீவு நாள்லயும் ராத்திரி அதே நேரத்துக்குப் படுக்குறது. எட்டரைக்குப் படுக்குறதுன்னா வீட்ல சீரியல் ஓடுற நேரம், டிவி முன் ரூம்ல, நான் பின் ரூம்ல, கதவு சாத்தி, சன்னலுக்குக் கறுப்புத் துணி. பிள்ளைக ரெண்டு நாள் கேலி பண்ணுச்சுக, அப்பறம் பழகிருச்சு.

அதவிட கஷ்டம் போன். ஒன்பது மணிக்கு மேலதான் உசிலம்பட்டியில இருந்து, செக்கானூரணியில இருந்து, நிலக்கோட்டையில இருந்து கூப்புடுவாங்க, "நாளைக்கு எப்படிப் போகும்ணே, பறிக்க ஆள் விடலாமா". அவங்க கேக்குறது நியாயம்தான், பறிகூலி குடுத்துப் பறிச்சுட்டு ரேட்டு விழுந்தா அவங்க பொழப்பு என்னாவும். எடுக்காம இருக்க முடியாது, எடுத்துப் பேசுனா அப்பறம் எங்க தூங்குறது, கூரையப் பாத்துக்கிட்டு கணக்குப் போட வேண்டியதுதான். சித்தப்பா மகன் கடையில கூட இருக்கான், எட்டு மணிக்கு மேல கடை நம்பர் அவன்கிட்ட. பதிலுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே நான் எல்லாருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுருவேன், இன்னைக்கு வரத்து இவ்வளவு, நாளைக்கு முகூர்த்தம் இருக்கா இல்லையா, என் கணிப்பு இது, அவ்வளவுதான். போன் பாதியா கொறஞ்சிருச்சு. ஒண்ணு ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போனாங்க, ஒருத்தர் திரும்பி வந்தாரு, ஒருத்தர் வரல. பரவால்ல.

படுக்குறதுக்கு முன்னாடி ஒரு பழைய டைரியில மறுநாள் செய்ய வேண்டியத எழுதி வச்சுருவேன், யாருக்கு எவ்வளவு குடுக்கணும், எந்த வண்டிக்கு யார் போறா. மண்டையில ஓடிக்கிட்டு இருக்குறது பேப்பர்ல எறங்கிட்டா தூக்கம் வெரசா வருது. டீ மத்தியானத்தோட சரி, குடிச்ச காப்பி டீயில உள்ள கஃபீன்ல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புலதான் இருக்குமாம். சரக்குப் போட்டா தூக்கம் வரும்னு சொல்ற மாப்ளைகளுக்கு ஒண்ணு: வரும், ஆனா நடுச்சாமத்துல முழிப்பும் வரும், பின் தூக்கம் கெட்டுரும், பிரஷரும் ஏறும். அப்பறம் பலமா கொறட்ட விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எந்திரிக்கிற ஆளா இருந்தா அத சாதாரணமா விடாதீங்க, அதுவே பிரஷருக்கு ஒரு காரணம், பக்கத்துல படுக்குறவங்களத்தான் கேட்டுப் பாக்கணும், கொறட்ட விடுறவனுக்கு எங்க தெரியும்.

சாப்பாட்டுல ரொம்பப் பெருசா ஒண்ணும் மாத்தல. பதினோரு மணி வரைக்கும் டீயும் வடையுமா ஓட்டிக்கிட்டு இருந்தத நிறுத்தி, ஏழு மணிக்குள்ள நாலு இட்லி, தூக்குல வீட்ல இருந்தே போயிரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம் போதும்ங்குறாங்க, ஒரு டீஸ்பூன் அளவுதான், நம்ம ஊர்ல ஊறுகா, கருவாடு, அப்பளத்துலயே அது முடிஞ்சிரும். ராத்திரி புரோட்டா சால்னா வாரம் ஒரு நாள், அத விட முடியாது, மதுரையில இருந்துக்கிட்டு. சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தச் சுத்தி நடக்குறேன், ஒலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்லுது, எனக்கு அது வந்துருது. ஆனா அங்க நடக்குறவங்கள்ல பாதிப்பேரு நடந்துக்கிட்டே போன்ல கத்திக்கிட்டு வர்றாங்க, பாத்தா நமக்கே பிரஷர் ஏறும்.

எல்லாரும் என்னையப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தப்ப எங்க வீட்ல ஒருத்தி கரைஞ்சுக்கிட்டு இருந்தா. அப்பா படுத்ததுல இருந்து அவரக் குளிப்பாட்டுறது, ஊட்டுறது, பயிற்சி குடுக்குறது, பிள்ளைகளப் பள்ளிக்கூடம் அனுப்புறது எல்லாம் அவதான். கொஞ்ச நாளா நெஞ்சு படபடங்குது, படியேறுனா மூச்சு வாங்குது, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா. "டென்ஷன்தான், எல்லாம் மாமா உடம்பு சரியானா சரியாயிரும்"னு அவளே சொல்லிக்கிட்டா, எங்கம்மாவும் ஆமான்னுச்சு. டாக்டரம்மா கண்ணுக்குக் கீழ் இமைய எறக்கிப் பாத்தவுடனே ரத்தமும் தைராய்டும் எழுதிக் குடுத்தாங்க. தைராய்டு சரியா இருந்துச்சு, ஹீமோகுளோபின் 8.9. பொம்பளைகளுக்கு 12-க்குக் கொறஞ்சாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை போட்டு ரெண்டு மூணு மாசத்துல படபடப்பு போயிருச்சு. அந்த மாத்திரைய டீயோட போட்டா உடம்புல ஒட்டாது, முன்ன பின்ன ஒரு மணி நேரம் டீ காப்பி கூடாது, எலுமிச்சம்பழச் சாறோட போட்டா நல்லா ஏறும்னாங்க. பொம்பளைக என்ன சொன்னாலும் "டென்ஷன்"னு ஒரு முத்திரை குத்தி அனுப்பிர்றோம், ரத்தம் டெஸ்ட் பண்ணக் கூட யோசிக்கிறதில்ல, எனக்கு இதுல ரொம்பவே கோவம் உண்டு. எரிஞ்சு விழுந்தது மட்டும் ரத்தம் ஏறியும் போகல, அதுக்கு மருந்து வேற: என் தங்கச்சி வாரத்துல ரெண்டு நாள் வந்து அப்பாவப் பாத்துக்கிட ஆரம்பிச்சா, அந்த ரெண்டு நாளும் இவ அவுங்க அம்மா வீட்டுக்கோ கோயிலுக்கோ போயிட்டு வருவா, சில நாள் எங்கயும் போகாம படுத்துத் தூங்குவா.

பணம். எனக்குத் தெரிஞ்சு டென்ஷனோட வேரையே கொஞ்சமாச்சும் புடுங்குன எடம் இது ஒண்ணுதான். ரேட்டு ஏறி எறங்குறது என் கையில இல்ல, ஆனா யோசிச்சுப் பாத்தா ராத்திரி கண்ணு மூடுனா வந்து நின்னது ரேட்டு இல்ல, பாக்கி நோட்டு. யார் யாருக்குக் கடனுக்குப் பூ போட்டோம், யார் இன்னும் தரல, இவங்க தராட்டி வெவசாயிக்கு நான் எதுலருந்து குடுப்பேன். பழைய பாக்கியில பாதி வராம புதுசா கடனுக்குப் பூ கெடையாதுன்னு ஒரு விதி போட்டோம், எனக்கு மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது, தம்பி சொல்லுவான். ஏவாரம் கொஞ்சம் கொறஞ்சுச்சு. நோட்ட தெனமும் பொரட்டுறத விட்டுட்டு புதன்கிழமை மட்டும் உக்காந்து முழுசாப் பாக்குறது. மத்த நாள் அந்த நெனப்பு வந்தா, புதன்கிழமை பாத்துக்கிடலாம்னு தள்ளி வச்சிர முடியுது.

எங்க கடை முன்னாடி ஒக்காந்து பூ கட்டுற அக்கா ஒருத்தங்க, குழு லோன் செவ்வாக்கெழமை கட்டணும், திங்கக்கெழமை மத்தியானத்துல இருந்தே ஆளு பேசாது, பூ கட்டுற கை நிக்காம ஓடும், கண்ணு எங்கயோ இருக்கும். ஒரு தடவ "செத்துட்டா லோன தள்ளுபடி பண்ணிருவாங்களாண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டாலும் அது வெளையாட்டில்ல. 14416-க்குப் போட்டுக் குடுத்தேன், அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மொதல்ல "நான் என்ன பைத்தியமா"ன்னாங்க, அப்பறம் கல்லாவுக்குப் பின்னாடி உக்காந்து ரொம்ப நேரம் பேசுனாங்க, அழுதாங்க, பெரியாஸ்பத்திரில மனநல ஓ.பி.க்கு போகச் சொல்லிருக்காங்க, நாங்க கூட்டிட்டுப் போனோம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஒட்டாம, தூங்காம, சாப்புடாம இருக்காங்கன்னா, இல்ல சாவப் பத்தின பேச்சு வாயில வந்துச்சுன்னா நடக்கச் சொல்றதும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்குறதும் பத்தாது, ஆள்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

மூச்சுப் பயிற்சியக் கிண்டல் பண்ணல, நானும் பண்றேன். நாலு எண்ணுற வரைக்கும் மூக்கால இழுத்து ஆறு எண்ணுற வரைக்கும் பைய விடுறது, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்கு வரும். ஏலத்துல கத்தி முடிச்சதும் ஒரு அஞ்சு நிமிஷம். நெஞ்சு படபடப்பு எறங்கும், நிச்சயமா. ஆனா நெஞ்ச அழுத்துற மாதிரி வலி, வேர்வை, வலி கைக்கோ தாடைக்கோ பரவுதுன்னா அது டென்ஷனும் இல்ல கேஸும் இல்ல, சோடா வாங்கிக் குடிச்சுக்கிட்டு ஒக்காராம உடனே ஈசிஜி எடுக்கணும். மார்க்கெட்ல சோடாவ நம்பி உக்காந்து போனவங்க உண்டு.

இப்ப என் பிரஷர் வீட்டு நோட்டுப்படி 126, 130ன்னு நிக்குது, மாத்திரையோட. வர்ற மார்கழி தை சீசனுக்கு நானும் தம்பியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெள்ளன போறதா பேசியிருக்கோம், முகூர்த்த நாள் மட்டும் ரெண்டு பேரும்.

மெஷின் எது வாங்கலாம்னு நெறைய பேர் கேக்குறாங்க. மணிக்கட்டுல கட்டுறது வேணாம், மேல் கையில கட்டுற டிஜிட்டல் மெஷின் வாங்குங்க. பட்டை அளவு முக்கியம், கை பருமனா இருக்குறவங்களுக்கு சின்னப் பட்டையப் போட்டா இல்லாத பிரஷரக் காட்டும், அதனால டேப்ப வச்சு மேல் கை சுத்தளவ அளந்துட்டு கடைக்குப் போங்க. வாங்குனதும் ஒரு தடவ டாக்டர்கிட்ட கொண்டு போய் அவங்க மெஷினோட ஒத்துப் பாத்துக்கிடுங்க, அப்பறம் வருசத்துக்கு ஒரு தடவை. எங்க கடையில இருக்குறத பக்கத்து கடைக்காரங்களும் எடுத்துப் பாக்குறாங்க, டீ குடிச்சுட்டு வந்து கட்டக் கூடாதுன்னு மட்டும் அட்டையில எழுதித் தொங்க விட்ருக்கேன், ஒருத்தனும் படிக்கிறதில்ல.